டாக்டர் சுப்பாராவும் நீல நிறமும்

நம் வேதியியல் ஆய்வகத்தில் அம்மோனியம் மாலிப்டேட் புட்டியைத் தொடாத மாணவர் இருக்க முடியாது. உப்புப் பகுப்பாய்வில் பாஸ்பேட்டுக்கு மஞ்சள் நிறம் வந்ததும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறோம். அதே மாலிப்டேட்டைக் கொண்டு தசையின் ஆற்றல் இரகசியத்தைக் கண்டவர், சென்னையில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-இல் பீமவரத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் அங்கி அணிந்து அறுவைக்கூடத்திற்குள் நுழைந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சகோதரரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்த துயரம் வேறு. 1922-இல் இளம் மனைவியை விட்டுவிட்டுப் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறியவர், பிறகு தாய்நாடு திரும்பவே இல்லை. அங்கே மருத்துவமனையில் இரவு வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார்.

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து 1925-இல் அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவீட்டு முறையை உயிர்வேதியியல் படிப்போர் இன்றும் கற்கின்றனர். பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் சேர்ந்த பொருளை ஒடுக்கினால் நீல நிறம் வரும். நிறத்தின் அடர்த்தி பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். இம்முறையைத் தசைச் சாற்றில் கையாண்டபோதுதான் விந்தை நிகழ்ந்தது. உடனே முழுமையாக வரவேண்டிய நீலம், தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டே போயிற்று! நானாக இருந்தால் கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டியிருப்பேன். அவர்களோ ஏன் என்று கேட்டார்கள். எளிதில் உடையும் ஒரு பாஸ்பரஸ் சேர்மம் சாற்றில் இருந்து, சோதனை நடக்கும்போதே சிதைந்து பாஸ்பேட்டை விடுவித்துக்கொண்டிருந்தது. அதுவே 1927-இல் அறிவிக்கப்பட்ட பாஸ்போகிரியாட்டின். அமிலத்தில் அதன் சிதைவை மாலிப்டேட் அயனியே விரைவுபடுத்துகிறது என்பது இதில் சுவையான செய்தி. அளக்க வந்த உலோக அயனி வினையூக்கியாகவும் வேலை செய்துவிட்டது!

1929-இல் ஏ.டி.பி.யை அவர்கள் பிரித்தனர். ஜெர்மனியில் லோமனும் அதே ஆண்டில் தனியே கண்டறிந்தார். ஏ.டி.பி. உயிரணுவில் பெரும்பாலும் மக்னீசியம் அயனியோடு சேர்ந்தே இருக்கிறது. அதன் மூன்று பாஸ்பேட்டுகளிலும் எதிர்மின் சுமை மிகுதி. நேர்மின் சுமையுள்ள மக்னீசியம் அங்கே பற்றிக்கொண்டு, அச்சுமையைத் தணித்து, நொதியின் பிடிக்குள் மூலக்கூறைச் சரியான நிலையில் நிறுத்துகிறது. பாஸ்போகிரியாட்டினிலிருந்து பாஸ்பேட்டை வாங்கி ஏ.டி.பி. ஆக்கும் நொதிக்கும் மக்னீசியம் தேவை. எங்கள் போளூர்ப் பக்கத்து மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் முண்டுகளிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குவது இரும்பும் மாலிப்டினமும் கொண்ட நொதியால்தான். அந்த வேலைக்கும் ஏ.டி.பி. செலவாகிறது.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 1940-இல் லெடர்லி நிறுவனத்திற்குச் சென்றார். அவருடைய குழுவினர் 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். அது ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசினும் அக்குழுவின் கொடையே. நம் மாவட்டத்தில் வீடு வீடாக வந்து விழுங்கச் சொன்ன மாத்திரை அதுதான்.

1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், நியூயார்க்கில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. கொடிய இரத்தசோகையைப் போக்கும் பொருளைக் கல்லீரல் சாற்றில் அவர் பல்லாண்டுகள் தேடியவர். அந்தப் பி12 வைட்டமின் அதே 1948-இல் வேறு ஆய்வகங்களில் சிவப்புப் படிகமாகப் பிரிக்கப்பட்டது. அதன் நடுவே இருந்தது ஒரு கோபால்ட் அயனி.