வெர்னர் ஃபோர்ஸ்மன்

வெர்னர் தியோடர் ஓட்டோ ஃபோர்ஸ்மன் (ஆகஸ்ட் 29, 1904 – ஜூன் 1, 1979) ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் சிறுநீரகவியல் வல்லுநரும் ஆவார். கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயை முழங்கைச் சிரை வழியாகச் செலுத்தி, உயிருள்ள மனிதரின் இதயம் வரை கொண்டு செல்ல முடியும் என்பதை 1929 இல் தம் உடலிலேயே செய்து காட்டினார். இதற்காக 1956 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆந்திரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். மார்பைத் திறக்காமல் இதயத்துக்குச் சிகிச்சை அளிக்கும் இன்றைய முறைகளுக்கு இவருடைய சோதனை ஒரு தொடக்கப் புள்ளியாகும்.

இளமை

ஃபோர்ஸ்மன் பெர்லினில் பிறந்தார். வழக்கறிஞராக இருந்த தந்தை முதல் உலகப் போரில் உயிரிழந்தார். அதன்பின் தாயும் பாட்டியும் இவரை வளர்த்தனர். 1922 இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். படிப்பை முடித்தபின், பெர்லினுக்கு வடகிழக்கே உள்ள எபர்ஸ்வால்டே என்ற சிறு நகரின் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சி பெறச் சேர்ந்தார்.

சோதனைக்கான பின்னணி

அக்காலத்தில் நோயாளியின் இதயம் நின்றுபோகும் நிலையில் மருத்துவர்கள் நீண்ட ஊசியை மார்புச் சுவர் வழியாகக் குத்தி, மருந்தை நேரடியாக இதயத்துக்குள் செலுத்தி வந்தனர். ஊசி இதயத் தமனியைக் கிழித்துவிடலாம். இதய உறைக்குள் இரத்தம் கசிந்து தேங்கலாம். உயிரைக் காக்கச் செய்யும் செயலே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், இதயத்தை அடைய வேறு வழி உண்டா என்று ஃபோர்ஸ்மன் சிந்தித்தார்.

விடைக்கான குறிப்பு ஒரு பழைய படத்தில் கிடைத்தது. 19 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியங்கியலாளர்களான ஷோவோவும் மரேயும் குதிரையின் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்திருந்தனர். குதிரைக்குத் தீங்கு நேரவில்லை. சிரைகள் அனைத்தும் இதயத்தை நோக்கியே செல்வதால், மனிதரில் முழங்கைச் சிரையே போதும் என ஃபோர்ஸ்மன் முடிவு செய்தார். சிறுநீரகவியலில் ஏற்கெனவே பயன்பட்டு வந்த 65 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கதீட்டரை இதற்குத் தேர்ந்தெடுத்தார்.

எபர்ஸ்வால்டே சோதனை

துறைத் தலைவர் ரிச்சர்ட் ஷ்னைடர் இச்சோதனைக்கு அனுமதி மறுத்தார். நோயாளி மீது மட்டுமன்றி ஃபோர்ஸ்மன் தம்மீது செய்துகொள்வதற்கும் இந்தத் தடை பொருந்தியது. ஆனால் தொற்று நீக்கிய கருவிகள் செவிலியர் கெர்டா டிட்சன் பொறுப்பில் இருந்தன. ஃபோர்ஸ்மன் அவரிடம் தம் எண்ணத்தை விளக்கி நம்பிக்கையைப் பெற்றார். சோதனையைத் தன் மீதே செய்யலாம் என்று டிட்சன் முன்வந்தார்.

ஃபோர்ஸ்மன் இசைவது போல் நடித்தார். டிட்சனை அறுவை மேசையில் படுக்க வைத்துக் கைகால்களைக் கட்டினார்; அவர் கையில் அயோடினும் தடவினார். இதற்கிடையே தம் இடது முழங்கையை மரக்கச் செய்து, சிரையைத் திறந்து, குழாயைத் தாமே உட்செலுத்தத் தொடங்கினார். டிட்சன் உண்மையை உணர்ந்தபோது அவரால் எழுந்து தடுக்க இயலவில்லை. உதவ முன்வந்த ஒருவரை இவ்வாறு ஏமாற்றியது, துணிவுக்காகப் போற்றப்படும் இந்நிகழ்வின் மறுபக்கமாகும்.

பின்னர் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, கையில் குழாய் தொங்க, டிட்சனுடன் கீழ்த்தளத்தில் இருந்த எக்ஸ் கதிர்ப் பிரிவுக்கு நடந்தே சென்றார். செய்தி அறிந்து ஓடிவந்த நண்பர் பேட்டர் ரோமைஸ் குழாயைப் பிடுங்க முயன்றார். ஃபோர்ஸ்மன் அவரைக் காலால் உதைத்து விலக்க வேண்டியிருந்தது. எதிரே பிடிக்கப்பட்ட கண்ணாடியில் கதிர்த்திரையைப் பார்த்தபடி குழாயை மேலும் உள்ளே தள்ளினார். அதன் நுனி வலது மேலறையை எட்டியதும் படம் எடுக்கச் செய்தார். அந்தப் படமே அவருடைய சான்றாயிற்று.

ஷ்னைடர் முதலில் சினந்தாலும், பிறகு இம்முறையின் மதிப்பை உணர்ந்து ஆதரவளித்தார். சீழ்பிடித்த வயிற்றுறை அழற்சியால் இறக்கும் தறுவாயில் இருந்த ஒரு நோயாளிக்கு ஃபோர்ஸ்மன் இவ்வழியில் மருந்து செலுத்தினார். நோயாளி தற்காலிகமாகத் தேறினார், எனினும் பிழைக்கவில்லை.

புறக்கணிப்பு

ஆய்வுக் கட்டுரை 1929 நவம்பரில் 'கிளினிஷே வோகென்ஷ்ரிஃப்ட்' என்ற மருத்துவ இதழில் வெளியானது. நாளேடுகள் இதைப் பரபரப்பாக எழுதின. மருத்துவ உலகம் முகம் சுளித்தது. அப்போது ஃபோர்ஸ்மன் பணிபுரிந்து வந்த பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில், புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஃபெர்டினாண்ட் சாவர்புரூக் இவரைப் பணியிலிருந்து நீக்கினார். இதற்கு முன்பே தாம் இத்தகைய சோதனையைச் செய்ததாக எர்ன்ஸ்ட் உங்கர் என்பவர் உரிமை கோரியதும் கசப்பைக் கூட்டியது.

ஃபோர்ஸ்மன் உடனே கைவிட்டுவிடவில்லை. எக்ஸ் கதிரில் தெரியும் சாயப்பொருளை இதயத்துக்குள் செலுத்திப் படமெடுக்க முயன்று, முயல்களிலும் நாய்களிலும் பிறகு தம் உடலிலும் சோதித்தார். 1931 இல் முடிவுகளை வெளியிட்டார். ஆனால் அன்றைய கருவிகளால் தெளிவான படங்களைத் தர இயலவில்லை. ஆதரவு இன்றி இவர் சிறுநீரகவியலுக்கு மாறினார். 1933 இல் மருத்துவர் எல்ஸ்பெட் எங்கலை மணந்தார். இவர்களுக்கு ஆறு குழந்தைகள்.

நாட்சிக் கட்சியும் போரும்

ஃபோர்ஸ்மன் 1932 இல், அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, நாட்சிக் கட்சியில் சேர்ந்து 1945 வரை உறுப்பினராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி, இறுதியில் அமெரிக்கப் படைகளிடம் கைதியானார். விடுதலைக்குப் பின் சிறிது காலம் மரம் வெட்டிப் பிழைத்தார். பிறகு கருங்காட்டுப் பகுதியில் மனைவியுடன் நாட்டுப்புற மருத்துவராக இருந்தார். 1950 இல் பாட் குரோய்ட்ஸ்னாக் நகரில் சிறுநீரகவியல் மருத்துவராகப் பணியைத் தொடர்ந்தார்.

நோபல் பரிசு

பிராகு நகரில் ஓட்டோ கிளைன் 1930 இலேயே ஃபோர்ஸ்மனின் முறையை நோயாளிகளிடம் பயன்படுத்தியிருந்தார். எனினும் அதை ஒழுங்கான மருத்துவக் கருவியாக்கியவர்கள் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையைச் சேர்ந்த கூர்னானும் ரிச்சர்ட்ஸும் ஆவர். உடல் முழுவதிலிருந்தும் திரும்பும் இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்தில்தான் ஒன்றாகக் கலக்கிறது. அங்கிருந்து எடுத்த இரத்தத்தின் ஆக்சிசன் அளவைக் கொண்டு, இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது என்று கணக்கிடலாம். 1941 முதல் இவர்கள் இத்தகைய அளவீடுகளை வெளியிட்டனர். மருந்து செலுத்தும் பாதையாக ஃபோர்ஸ்மன் கருதிய குழாய், இவர்கள் கையில் அளவுகோலாயிற்று.

1954 இல் கிழக்கு பெர்லினில் இருந்த ஜெர்மானிய அறிவியல் கழகம் ஃபோர்ஸ்மனுக்கு லைப்னிட்ஸ் பதக்கம் வழங்கியது. 1956 இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோதும் இவர் பாட் குரோய்ட்ஸ்னாக்கிலேயே, இதய ஆய்விலிருந்து வெகுதூரம் விலகி, பணியாற்றி வந்தார். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அத்துறை இவர் எட்டிப்பிடிக்க இயலாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

பிற்கால வளர்ச்சி

ஃபோர்ஸ்மன் சென்றது சிரை வழி. பின்வந்தவர்கள் தமனி வழியையும் திறந்தனர். 1958 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இதயத் தமனிகளைத் தனித்துப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் முறையைத் தொடங்கினார். 1964 இல் சார்லஸ் டாட்டர் அடைபட்ட கால் தமனியைக் கதீட்டரால் விரித்தார். 1977 இல் சூரிச்சில் ஆந்திரேயாஸ் குருண்ட்சிக் இதயத் தமனியின் அடைப்பைச் சிறு பலூனால் விரித்தார், இதுவே ஆஞ்சியோபிளாஸ்டி. 1986 இல் ஸ்டென்ட் பொருத்தும் முறையும், 2002 இல் கதீட்டர் வழியே பெருந்தமனி வால்வு பொருத்தும் முறையும் மனிதரில் தொடங்கின.

இறுதிக் காலம்

1958 இல் டுசல்டார்ஃப் நகரின் எவாஞ்சலிக்கல் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவரானார். தன்மீது செய்துகொண்ட சோதனை எனப் பொருள்படும் தலைப்பில் 1972 இல் தன்வரலாற்றை வெளியிட்டார். குருண்ட்சிக்கின் பலூன் சிகிச்சை நிகழ்ந்து இரண்டாண்டுகள் நிறைவதற்குள், 1979 ஜூன் 1 அன்று ஷோப்ஃபைம் நகரில் இதயச் செயலிழப்பால் ஃபோர்ஸ்மன் காலமானார்.