எடை தூக்கியவர் 'பாடி பில்டிங்' தந்தை ஆனது எப்படி? யார் இந்த யூஜின் சாண்டோ?

தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் பெயரைக் கேள்விப்படாத தமிழ் சினிமா ரசிகர் குறைவு. ஆனா, அந்த 'சாண்டோ' யார்னு யோசிச்சிருக்கீங்களா? அது 1925-ல் லண்டனில் இறந்துபோன ஒரு பயில்வானின் பெயர். கட்டுமஸ்தான ஆட்களுக்குப் பட்டமாகவே கொடுக்கும் அளவுக்குப் பரவிய பெயர்.

ஜிம்மில் புதுசா சேருகிற பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கும். உடம்பு அழகா தெரியணுமா, பலம் கூடணுமா? இரண்டும் ஒண்ணுதானா? இந்தக் கேள்விக்கு சாண்டோவின் வாழ்க்கையே ஒரு பதில்.

சர்க்கஸில் தொடங்கிய பயணம்

1867 ஏப்ரல் 2-ம் தேதி பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது ரஷ்யாவில் உள்ள கலினின்கிராட். இயற்பெயர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். இளவயதிலேயே ஊரைவிட்டுக் கிளம்பி சர்க்கஸில் வித்தை காட்டினார். பிரஸ்ஸல்ஸில் அட்டிலா என்ற பயிற்சியாளரிடம் கனமான எடைகளைத் தூக்கக் கற்றுக்கொண்டார்.

1889-ல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற பிரபல பயில்வான் விட்ட சவாலை ஏற்று ஜெயித்தார். அதன்பிறகு ஊரெல்லாம் சாண்டோ பேச்சுதான். அதுவரைக்கும் அவருக்குக் கைதட்டல் வாங்கித் தந்தது பலம் மட்டுமே.

சிகாகோவில் வந்த திருப்பம்

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்த நேரம். சாண்டோவின் நிகழ்ச்சியை நடத்தியவர் ஃப்ளோரன்ஸ் ஜீக்ஃபெல்ட். அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாண்டோ எவ்வளவு எடை தூக்குகிறார் என்பதைவிட, அவர் தசைகள் எப்படி அசைகின்றன என்பதைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதியது. உடனே, தசைகளை முறுக்கிக் காட்டுவதையே தனி நிகழ்ச்சியாக்கினார்கள். அடுத்த ஆண்டே எடிசன் ஸ்டுடியோ சாண்டோ போஸ் கொடுப்பதைப் படம் பிடித்தது.

பலம் வேறு, தோற்றம் வேறு என்பதற்கு அதே காலத்தில் வாழ்ந்த கனடாவின் லூயி சீர் நல்ல உதாரணம். 130 கிலோவுக்கு மேல் எடை, பருத்த உடம்பு. சிற்பம் மாதிரி தோற்றம் எல்லாம் கிடையாது. ஆனா 1895-ல் பாஸ்டனில், 18 பேர் நின்ற மேடையை முதுகால் தூக்கிக் காட்டினார். மொத்தம் சுமார் 1,967 கிலோ!

உலகின் முதல் பெரிய போட்டி

1901 செப்டம்பர் 14. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சாண்டோ நடத்திய போட்டிதான் உலகின் முதல் பெரிய பாடி பில்டிங் போட்டியாகக் கருதப்படுகிறது. நடுவர்கள் சாண்டோ, சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில்.

யார் அதிகம் தூக்குகிறார் என்று அங்கே பார்க்கவில்லை. பெரிய தசை இருந்தால் மட்டும் போதும் என்றும் விடவில்லை. உடலின் வளர்ச்சி, எல்லாப் பாகமும் சமச்சீராக இருப்பது, தசையின் இறுக்கம், ஆரோக்கியம், சருமம் ஆகியவையே அளவுகோல். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே ஜெயித்தார். பரிசு, சாண்டோவின் உருவச்சிலை. இன்று மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வெல்பவருக்குக் கொடுப்பதும் சாண்டோ சிலைதான்.

இன்றைக்கும் அதே வித்தியாசம்

பாடி பில்டிங் மேடையில் யாரும் எடை தூக்குவதில்லை. தசையின் அளவு, சமச்சீர், கொழுப்பு குறைந்த உடல்வாகு இதற்குத்தான் மதிப்பெண். பவர்லிஃப்டிங்கில் தோற்றத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றிலும் தலா 3 வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டினால் அதுதான் முடிவு.

பயிற்சியும் மாறும். பலத்துக்கு, அதிக எடையை 1 முதல் 5 முறை தூக்கி, சில நிமிடம் நன்றாக ஓய்வெடுப்பார்கள். தசை வளர்ச்சிக்கு, நடுத்தர எடையை 8 முதல் 12 முறை தூக்குவது பொதுவான வழக்கம். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் ரொம்ப மண்டையைக் குழப்பிக்க வேண்டாம். முதல் சில மாதங்களில் சரியான முறையில் அடிப்படைப் பயிற்சிகளைச் செய்து, எடையை மெதுவாகக் கூட்டினாலே பலம், தசை இரண்டும் சேர்ந்து வளரும். பாதை பிரிவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விளம்பரமும் உண்மையும்

சாண்டோ பயிற்சி நிலையம், பத்திரிகை, ஸ்பிரிங் வைத்த டம்பெல்ஸ் என ஒரு பெரிய வியாபாரத்தையே கட்டினார். இந்தியாவுக்கும் சுற்றுப்பயணம் வந்தார். 1911-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் உடற்பயிற்சிப் பேராசிரியரானார்.

இதில் ஒரு முரண் உண்டு. மக்களுக்கு அவர் விற்றது லேசான டம்பெல்ஸ் பயிற்சி. அவர் உடம்பை உருவாக்கியதோ பல வருடம் தூக்கிய கனமான எடைகள். போஸ்டரில் இருக்கும் உடம்பைப் பார்த்து பொருளை வாங்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

1925 அக்டோபர் 14-ம் தேதி, 58 வயதில் இறந்தார். பள்ளத்தில் சிக்கிய காரைத் தனியாளாகத் தூக்கியதுதான் காரணம் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. சிலையாக உலகம் முழுக்கத் தெரிந்த அவருடைய கல்லறை, லண்டன் பட்னி வேல் மயானத்தில் பல பத்தாண்டுகள் ஒரு பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தது.