அலையறிந்து பலகை தேர்ந்த பெருமகன்

சென்ற ஆண்டு ஆவணி மாத விடுமுறையிற் பொத்துவிலுக்குச் சென்றிருந்தேன். முன்னாளில் என்னிடம் இலக்கணங் கற்ற மாணவர் ஒருவர் அறுகம் குடாக் கரையில் அலைப்பலகைகளை வாடகைக்குக் கொடுத்துத் தொழில் நடத்துகின்றார். புணர்ச்சி விதிகளில் ஓயாது இடறியவர். கடலின் விதிகளிலோ கரை கண்டவர். அவருடைய ஓலைக் கொட்டிலின் சுவரில் இரண்டு பலகைகள் சார்த்தப்பட்டிருந்தன. ஒன்று பதினான்கு அடி நீளமும் ஒடுங்கிய உடலும் உடையது. மற்றையது ஒன்பது அடிக்குக் குறைந்தது, அகன்றது, முனை மேல்நோக்கி வளைந்தது. இரண்டும் நின்றுகொண்டே துடுப்பு வலித்துச் செல்லும் பலகைகள்.

இவற்றுட் சிறந்தது எது என்று யான் வினவினேன். அவர் நகைத்தார். எந்த அலைக்கு, எந்தப் பணிக்கு, எவருக்கு என்று சொல்லாதவரை அவ்வினாவுக்கு விடை பிறவாது என்றார். நான்காம் வேற்றுமையைப் படிக்கும்போது என்னைப் படாத பாடு படுத்தியவர், அன்று எனக்கே நான்காம் வேற்றுமையைக் கற்பித்துவிட்டார்! கொட்டிலின் நடுவே ஒரு பழைய படம் தொங்கியது. நெடிய கரிய மேனியும் அகன்ற மார்பும் உடைய ஒருவர், தம்மினும் மிக உயர்ந்த மரப்பலகை ஒன்றின் அருகே நின்றார். அவரே டியூக் கஹனமோக்கு. ஊர் திரும்பிய பின் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நெய்தல் நிலத்தைப் பாடிய மொழியைக் கற்பிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்வு அது என்று தோன்றியமையால் இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பசிபிக் மாகடலின் நடுவண் அமைந்த ஹவாய்த் தீவுகளின் தலைநகராகிய ஹொனலூலுவில், 1890ஆம் ஆண்டு ஆவணி 24ஆம் நாள் அவர் பிறந்தார். டியூக் என்பது பட்டமன்று; பெயரே. 1869இல் எடின்பரோக் கோமகன் அத்தீவுகளுக்கு வந்தமையை நினைவுகூர்ந்து தந்தைக்கு இடப்பட்ட பெயர், தலைமகனுக்கும் வந்தது. அக்கோமகன் அடுத்த ஆண்டில் நம் இலங்கைக்கும் வந்து சென்றவர். டியூக் மூன்று வயதை எட்டுமுன்னரே, 1893இல், ஹவாயின் அரசுரிமை வீழ்த்தப்பட்டது. 1898இல் அந்நாடு ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. நாடிழந்த ஒரு மக்களின் பிள்ளையாகவே அவர் வைக்கீக்கிக் கரையில் வளர்ந்தார்.

அம்மக்கள் அரசை மட்டும் இழக்கவில்லை. அலைமேல் நிற்றல் அவர்களுக்குப் பன்னெடுங்காலக் கலை. தலைவரும் குடிகளும், ஆடவரும் பெண்டிரும் அதிற் பயின்றனர். அந்நியர் கொணர்ந்த நோய்களால் மக்கள் தொகை அருகியது; 1820 முதல் வந்த சமய போதகர் பழைய வாழ்முறைகளை மாற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கலை அழியும் நிலையை எய்திற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கி இளைஞர் அதனை மீட்டெடுத்தனர். அவருள் முதல் வரிசையில் நின்றவர் டியூக்.

அம்மக்களின் பழைய பலகைகளைப் பற்றி இங்கே சிறிது கூறுதல் வேண்டும். அவற்றுட் பெயர்பெற்ற வகைகள் இரண்டு. அலாயா என்பது குறுகியது, மெல்லியது, செங்குத்தாக எழுந்து உடையும் அலைக்கு உரியது. நம் வேல மரத்தின் இனத்ததாகிய கோஆ மரத்தாலும், நாம் ஈரப்பலா என்னும் மரத்தாலும் அதனைச் செய்தனர். ஓலோ என்பது மிக நீண்டது, தடித்தது, இன்னும் உடையாத நெடும்பொங்கலை ஆழ்கடலிலேயே பற்றிக்கொள்ள வல்லது. தலைவர்க்கே உரியதாகக் கருதப்பட்ட அதனை விலிவிலி என்னும் இலேசான மரத்தால் இயற்றினர். விலிவிலி வேறொன்றுமன்று; நம் வேலிகளில் நிற்கும் முள்முருக்கின் உறவு. கருவி ஒன்றே, அலை வேறாகவே வடிவும் மரமும் வேறாயின.

டியூக்கை உலகம் முதலில் அறிந்தது நீச்சலால். 1911இல் ஹொனலூலுத் துறைமுக நீரில் நடந்த போட்டியில் நூறு யார் தூரத்தை 55.4 விநாடியில் நீந்தினார். அது அன்றைய உலக சாதனையினும் 4.6 விநாடி குறைந்தது. நிலப்பெருநாட்டில் இருந்த அதிகாரிகள் அதனை நம்பவில்லை. பதிவில் ஏற்கவும் மறுத்தனர். அவர் வாதாடவில்லை, மறுபடியும் நீந்தினார். 1912இல் ஸ்ரொக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் நூறு மீற்றர் நீச்சலிற் பொற்பதக்கம் பெற்றார். 1916ஆம் ஆண்டு விழாவைப் போர் விழுங்கிற்று. 1920இல் அன்ற்வேர்ப் நகரில், முப்பதாம் வயதில், நூறு மீற்றரிலும் அஞ்சலோட்ட நீச்சலிலும் வென்று இரண்டு பொற்பதக்கங்கள் கொண்டார். 1924இல் பாரிஸ் நகரில் இளைஞராகிய ஜொனி வைஸ்முல்லருக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். மூன்றாமிடம் பெற்றவர் அவருடைய தம்பி சாமுவேல்.

1914இன் இறுதியில் நீச்சற் காட்சிக்காக அவுஸ்திரேலியாவுக்கு அழைக்கப்பட்டார். அங்குச் சிட்னிக்கு அண்மையிலுள்ள பிரெஷ்வாட்டர்க் கரையின் அலைகளைக் கண்டதும் அவர் கைகள் வாளாவிருக்கவில்லை. பலகை ஏதும் உடன் கொண்டுவந்திலர். உள்ளூரில் விற்ற பைன் மரத்தை வாங்கித் தாமே செதுக்கிப் பலகையாக்கி, மார்கழி 24ஆம் நாள் கூடியிருந்த மக்கள் காண அலைமேல் நின்று காட்டினார். மறு ஆண்டின் தொடக்கத்தில் இசபெல் லெதம் என்னும் பதினைந்து வயதுச் சிறுமியையும் தம் பலகையில் ஏற்றி அலையோடு வந்தார். அப்பலகை இன்றும் அக்கரையிலுள்ள உயிர்காப்போர் சங்கத்திற் பேணப்படுகின்றது. மரத்தைத் தேர்ந்து, கடலைப் பார்த்து, அதற்கேற்பச் செதுக்கும் அறிவு அவரிடம் ஏட்டறிவாக இருந்ததன்று, கையறிவாக இருந்தது. 1917இல் வைக்கீக்கிக்கு அப்பால் எழுந்த பேரலை ஒன்றைப் பற்றி, ஒரு மைலுக்கு மேல் அதன்மீது நின்றவாறே கரையை நோக்கி வந்தார் என்பது அக்கரையில் வழங்கும் வரலாறு.

இனி, என் நெஞ்சை விட்டகலாத ஒரு நாளைச் சொல்கின்றேன். 1925ஆம் ஆண்டு ஆனி 14ஆம் நாள். இடம், கலிபோர்னியாவிலுள்ள நியூபோர்ட் துறைமுகத்தின் வாயில். கொரோனா டெல் மார்க் கரை. தெல்மா என்னும் மீன்பிடி படகு இருபத்தொன்பது பேருடன் அவ்வாயிலில் அலைகளிடையே அகப்பட்டுக் கவிழ்ந்தது. அன்று டியூக் தம் தோழருடன் அக்கரையில் இருந்தார். உடனே கடலிற் புகுந்தார்.

இங்கே நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நீந்துவோருள் உலகத்தின் முதல் வரிசையில் நின்ற அவர், வெறுங்கையோடு நீந்திச் செல்லவில்லை. தம் கனத்த மரப்பலகையை எடுத்துச் சென்றார். ஏன்? எவ்வளவு வலிய நீச்சல்காரனும் ஒரு வேளையில் ஒருவரையே இழுத்து வரல் இயலும். அவரும் பதற்றத்தில் மீட்பவரைப் பற்றி அமிழ்த்துதல் கூடும். மிதக்கும் பலகையோ பலர் கைகளுக்கு ஒருங்கே பற்றுக்கோடாகும். நீச்சல் அவருக்குப் புகழ் தந்தது உண்மையே. ஆயின் அந்தக் கணத்தில் தம் புகழுக்கு ஏற்றதை அவர் தேரவில்லை; சாகின்றவர்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தார். மீண்டும் மீண்டும் நுரைக்குட் சென்று எண்மரைக் கரை சேர்த்தார். தோழர் நால்வரை மீட்டனர். எஞ்சிய பதினேழு பேரைக் கடல் கொண்டது. பன்னிருவர் பிழைத்தனர் என்று மகிழ்வதா, பதினேழு பேர் மாய்ந்தனர் என்று வருந்துவதா என்று படிக்கின்ற நமக்கே தெரியவில்லையாயின், அலையினின்றும் வெறும் பலகையோடு இறுதியாகக் கரையேறியவர் நெஞ்சம் எவ்வாறிருந்திருக்கும்! அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே உயிர்காக்கும் பணிக்குப் பலகை இன்றியமையாதது என்னும் கருத்து அமெரிக்கக் கரைகளில் வலுப்பெற்றது.

பதக்கம் பல பெற்றும் செல்வம் அவரை நாடவில்லை. திரைப்படங்களிற் சிறு வேடங்கள் தாங்கினார். எரிபொருள் நிலையத்திற் பணி செய்தார். 1930களின் நடுப்பகுதி தொடக்கம் கால் நூற்றாண்டு காலம் ஹொனலூலுவின் ஷெரிப் பதவிக்கு மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தெரிந்தெடுத்தனர். ஆயினும் பலகையை அவர் விட்டாரல்லர். 1930ஐ ஒட்டி, முன்னோரின் ஓலோவைத் தழுவிக் கோஆ மரத்திற் பதினாறு அடி நீளப் பலகை ஒன்றைச் செய்துகொண்டார். அதன் நிறை 114 இறாத்தல். ஏறக்குறைய 52 கிலோ. அடியிற் சுக்கான்போல் நிற்கும் செதிலும் அதற்கில்லை; அச்செதிலை ரொம் பிளேக் என்பார் முதன்முதல் பொருத்தியது 1935இலேதான். நாற்பது வயதை எட்டிய ஒருவர் ஏன் இத்துணைப் பெரும்பாரத்தை விரும்பினார்? நீரைத் தொடும் நீளம் மிகுந்தோறும் மிதப்பது எய்தக்கூடிய வேகமும் மிகும். வேகம் மிக்க பலகையே உடையாத பொங்கலை எட்டிப் பிடிக்கும். அவர் விரும்பியது கரையருகே துள்ளும் சிற்றலையன்று. அப்பாற் கடலின் நெடும்பொங்கல். ஆதலின் அந்த நீளம் ஆரவாரமன்று, தேவை.

இன்று அறுகம் குடாவில் யான் கண்ட பலகைகளும் இந்த மரபின் பேரப்பிள்ளைகளே. 1940களிலும் 1950களிலும் வைக்கீக்கியில் அலை பயிற்றிய ஆசிரியர் சிலர், மாணவரைக் கண்காணிக்கவும் அவரைப் படம் பிடிக்கவும் பலகைமேல் நின்றபடியே துடுப்பு வலித்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாயில் அது புத்துயிர் பெற்று உலகெங்கும் பரவிற்று. காற்றை முதுகில் வாங்கி, ஆழ்கடற் பொங்கல்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்வோர்க்குப் பதினான்கு அடிப் பலகை வேண்டும். மொலொக்காயிலிருந்து ஓவாகுவுக்கு 32 மைல் நீரிணையைக் கடப்போர் அத்தகைய நெடும்பலகைகளையே நாடுவர். பள்ளத்திற் புதையாதிருக்க அதன் முனை சற்று நிமிர்ந்திருத்தல் நன்று. உடையும் அலையில் வளைந்து திரும்ப விழைவோர்க்கு ஒன்பது அடிக்குட்பட்டதும், அடி வளைந்ததும், வால் ஒடுங்கியதும் வேண்டும். நெடும்பலகை அங்கே மூக்குக் குத்தும்.

அதன் பின்னும் மூன்றாவது வினா எஞ்சும்: எவருக்கு? ஒரு லீற்றர் பருமன் நீரில் ஏறக்குறைய ஒரு கிலோ நிறையைத் தாங்கும். எழுபது கிலோ நிறையுள்ளவர் எண்பது லீற்றர்ப் பலகையில் ஏறின், பலகையின் நிறையும் சேர, நீர் மட்டத்திலேயே தள்ளாடுவார். வல்லுநர் அதனை ஆள்வர். புதியவர்க்கோ தம் நிறையினும் பாதி மடங்கேனும் கூடிய பருமனும் முப்பது அங்குலத்துக்குக் குறையாத அகலமும் வேண்டும். காற்றிற் பலகையை விட்டுப் பிரியாதிருக்கக் காலிற் கட்டும் கயிறு எவருக்கும் வேண்டும். வல்லவர் பலகையைக் கண்டு ஆசைப்பட்டு வாங்குவோர், பெரும்புலவர் ஏட்டைச் சுமந்து திரியும் முதல் வகுப்பு மாணவரை ஒப்பர்.

டியூக் 1968ஆம் ஆண்டு தை 22ஆம் நாள், தம் 77ஆம் வயதில், மாரடைப்பால் மறைந்தார். அவருடைய சாம்பலை வைக்கீக்கிக் கடலிலே தூவினர். 1990இல் அக்கரையில் அவருக்குச் சிலை எழுப்பினர். அதன் பின்னே அவருடைய பலகையும் நிற்கின்றது.

யான் நீந்தத் தெரியாதவன். இனிப் பலகை ஏறப் போவதுமில்லை. ஆயினும் வகுப்பில் நான்காம் வேற்றுமைக்கு எடுத்துக்காட்டுக் கூற நேரும்போதெல்லாம் அந்த ஆனி மாத நாள் என் கண்முன் வருகின்றது. எதற்கு, எவருக்கு என்று ஒரு கணத்தில் உணர்ந்து, ஏற்ற பலகையை அணைத்துக்கொண்டு நுரைக்குட் பாய்ந்தவரால் எண்மர் வீடு திரும்பினர். கு என்னும் ஓரெழுத்து உருபு எத்துணைப் பொருளைத் தாங்கும் என்பதை, முப்பது ஆண்டுகளாக அதனைக் கற்பித்து வந்த யான், கடற்கரைக் கொட்டில் ஒன்றிலேதான் கற்றேன்.