மூளைக்கட்டின்னாலே நடுங்கிய காலம்... மெட்ராஸ் ஜி.எச்.சில் கத்தி பிடித்த சீர்காழி டாக்டர்!

ராமநாதபுரம்:

விடியக்காலையில தலைவலி. கூடவே வாந்தி. கொஞ்ச நாளில் பார்வை மங்கும், நடை தள்ளாடும். பேய் பிடிச்சிருச்சு என்று வேப்பிலை அடித்தவர்கள் உண்டு. மூளையில் கட்டி என்று கண்டுபிடித்தாலும் அதை அறுத்து எடுக்க தென்மாவட்டங்களில் அந்தக் காலத்தில் ஆள் கிடையாது.

ராமேசுவரம் தீவுக்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம். பாம்பனில் ரோடு பாலம் வந்ததே 1988-ல்தான். அதுவரை நோயாளியை 1914-ல் கட்டிய ரெயில் பாலம் வழியாகவோ, படகிலோதான் கரை சேர்க்க வேண்டும். அங்கிருந்து மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு சுமார் 600 கிலோமீட்டர்.

அந்த ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷனை ஆரம்பித்து வைத்தவர்தான் டாக்டர் பி.ராமமூர்த்தி.

1922 ஜனவரி 30-ந்தேதி சீர்காழியில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து, 1947-ல் எடின்பரோவில் எப்.ஆர்.சி.எஸ். முடித்தார். பொது ஆபரேஷன் செய்து கொண்டு சவுகரியமாக இருந்திருக்கலாம். ஆனால் தலையைத் திறந்தால் ஆள் பிழைக்க மாட்டான் என்று டாக்டர்களே நினைத்த அந்தப் பிரிவை எடுத்தார்.

இங்கிலாந்தின் நியூகேசிலில் ரோபாதமிடம் பயிற்சி. பிறகு கனடா போய் மான்ட்ரியலில் உலகப்புகழ் பெற்ற பென்பீல்டிடம் வேலை கற்றார். 1950 அக்டோபர் 24-ந்தேதி ஜி.எச்.சில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 28.

இந்தியாவிலேயே முதல் ஆள் அவர் இல்லை. 1949-லேயே வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி தொடங்கி விட்டார். 1951-ல் இந்த இருவரும், எஸ்.டி.நரசிம்மன், பால்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்துதான் இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பித்தார்கள்.

கட்டி எங்கே?

இப்போ மாதிரி ஸ்கேன் எதுவும் அப்போ இல்லை. சி.டி. ஸ்கேன் லண்டனில் முதல் நோயாளியைப் படம் பிடித்ததே 1971-ல்தான். அதுக்கு முன்னாடி? மண்டை ஓட்டில் துளை போட்டு, மூளை அறைகளில் உள்ள நீரை எடுத்துவிட்டு காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். காற்று அறை எந்தப் பக்கம் தள்ளியிருக்கோ, அதுக்கு எதிர்ப்பக்கம் கட்டி. இல்லேன்னா கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். நோயாளிக்கு இதுவே பெரிய வேதனை. படம் தப்பா வந்தா கத்தியும் தப்பான இடத்தில்தான் இறங்கும்.

கண்ணைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் கண் நரம்பு வீங்கும். தாமதமாக வந்தவர்களுக்கு உயிர் தப்பினாலும் பார்வை திரும்பாது. கடலோரத்தில் இருந்து நாள் கடத்தி வண்டி ஏறினவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து.

இன்னொரு சங்கதி. வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்த புற்றுக்கட்டிகள் மட்டும் இங்கே வரவில்லை. டி.பி. கிருமியால் மூளைக்குள் உருண்டு திரண்ட கட்டிகளும் ஏராளமாக வந்தன. மேல்நாட்டில் இது அபூர்வமாகி வந்த நேரம். ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோநியாசிட் மருந்துகள் வந்த பிறகுதான் இந்தக் கட்டிகளைத் தைரியமாக எடுக்க முடிந்தது. முன்பெல்லாம் கட்டியை எடுத்தால் கிருமி பரவி மூளைக்காய்ச்சலில் ஆள் போய்விடும். இந்தக் கட்டிகளை அடையாளம் காண்பது பற்றி ராமமூர்த்தியும் வரதராஜனும் எழுதிய கட்டுரை 1961-ல் அமெரிக்க நரம்பு அறுவை இதழில் வெளியானது. நம்ம ஊர் வியாதியை நாமதான் படிக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வி.பாலசுப்பிரமணியம், எஸ்.கல்யாணராமன் இருவரும் அவருடன் சேர்ந்தார்கள். தலையில் சட்டம் மாட்டி, அளவு பார்த்து, மெல்லிய ஊசியை மூளையின் ஆழத்துக்குச் செலுத்தும் முறையில் மெட்ராசுக்கு தனிப்பெயர் கிடைத்தது. நடுக்குவாதத்துக்குச் செய்தது சரி. அடங்காத கோபமும் மூர்க்கமும் உள்ளவர்களுக்கும் இதைச் செய்தார்கள். 600-க்கும் மேற்பட்ட அந்த ஆபரேஷன்களின் பலனை 1988-ல் ராமமூர்த்தியே எழுதினார். குணம் மாறுவதற்காக மூளையைத் தொடலாமா என்ற கேள்வி இன்றைக்கும் ஓயவில்லை. அவர் பெருமையைப் பேசும்போது இதை மறைப்பது நியாயம் இல்லை.

1970-களில் ஜி.எச்.சில் நரம்பியல் நிலையம் தனியாக உருவானது. பத்மபூஷண் விருதும் வந்தது. பி.என்.டாண்டனுடன் சேர்ந்து நரம்பு அறுவைக்குப் பாடப்புத்தகம் தொகுத்தார். அரசுப்பணி முடிந்தும் ஓய்வு எடுக்கவில்லை. டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி தொடங்கிய அடையாறு வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் ஏ.லட்சுமிபதி பெயரில் நரம்பு அறுவை மையத்தை வளர்த்தார். தன் வாழ்க்கைக் கதையை 'அப்ஹில் ஆல் தி வே' என்ற பெயரில் எழுதினார்.

2003 டிசம்பர் 13-ந்தேதி சென்னையில் காலமானார். வயது 81. ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக்கல்லூரி வந்தது அதுக்கு 18 வருஷம் கழிச்சு, 2022 ஜனவரியில்தான்.