குருவிகளுக்குக் கணக்கு எழுதிய கில்பர்ட் ஒயிட்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று மலர்க்குழுவில் சொன்னார்கள். விஸ்வேஸ்வரய்யா, எடிசன், அப்துல் கலாம் என்று நல்ல பெயர்களையெல்லாம் எனக்கு முன்னாலேயே மற்றவர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் அணை கட்டவில்லை. எஞ்சின் கண்டுபிடிக்கவில்லை. பிறந்த கிராமத்திலேயே பெரும்பாலும் வாழ்ந்து, அங்கேயே மறைந்தவர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார், அவ்வளவுதான். அதற்காக உலகம் இன்னும் அவரை மறக்கவில்லை. அவர் பெயர் கில்பர்ட் ஒயிட்.

அவரை நான் தேடிப் போகவில்லை. ஒரு தப்பு செய்து மாட்டிக்கொண்டதால் கிடைத்தார். சர்வே பிராக்டிகலில் லெவலிங் எடுத்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி தூரம் ஒழுங்காக ஸ்டாஃப் பிடித்து ரீடிங் எடுத்தேன். மீதியை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நானே போட்டுவிட்டேன். கடைசியில் கூட்டிக் கழித்தால் செக் சரியாக வருகிற மாதிரிதான் போட்டேன். (சிரிக்காதீங்க. உங்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்!) எங்கள் ஆசிரியர் ஃபீல்டு புக்கை இரண்டு நிமிஷம் பார்த்தார். ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் சுத்தமாக இருக்கிறதே, அதுதான் இடிக்கிறது என்றார். முழுவதையும் மறுபடி எடுக்க வைத்தார். திட்டவில்லை. போகும்போது, நூலகத்தில் செல்போர்ன் என்று ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருக்கிறது, படித்துப் பார் என்று மட்டும் சொன்னார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ன் ஒரு சிறிய கிராமம். ஒரே ஒரு தெரு. அதை ஒட்டி சுமார் 300 அடி உயரத்தில் பீச் மரங்கள் அடர்ந்த ஒரு சரிவு. 1720-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி கில்பர்ட் ஒயிட் அங்கே பிறந்தார். தாத்தா அந்த ஊர்ப் பாதிரியார். பேரனும் ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி, பாதிரியார் ஆனார். ஆனால் தாத்தா இருந்த பதவி பேரனுக்குக் கிடைக்கவில்லை. செல்போர்ன் பாதிரியாரை நியமிக்கும் உரிமை மாக்டலன் கல்லூரியிடம் இருந்தது. இவரோ ஓரியல் கல்லூரிக்காரர். அதனால் சொந்த ஊரில் கடைசி வரை உதவிப் பாதிரியாராகத்தான் வேலை பார்த்தார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கல்லூரி கொடுத்த உதவித்தொகை, கல்யாணம் ஆனால் நின்றுவிடும்.

சிவில் மாணவர்களுக்காக ஒரு தகவல். அந்தச் செங்குத்தான சரிவில் ஏற வழியில்லை என்று 1753-இல் இவரும் தம்பி ஜானும் சேர்ந்து வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்று வெட்டினார்கள். நம் மலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதே தத்துவம். இன்றும் அதில் ஜனங்கள் ஏறுகிறார்கள்.

1751-இல் தோட்டக் கணக்கு எழுத ஆரம்பித்தார். எந்த விதையை என்று போட்டேன், என்று முளைத்தது, பனி எப்போது விழுந்தது என்று. பிறகு டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற நீதிபதி, கட்டம் கட்டமாக அச்சடித்த நாட்குறிப்புத் தாள்களைக் கொண்டுவந்தார். வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழை, எந்த மரம் தளிர்விட்டது, எந்தப் பறவை முதலில் வந்தது என்று தனித்தனி கட்டம். நம் ஃபீல்டு புக் மாதிரியேதான்! 1768 முதல் 1793-இல் சாகிற மாதம் வரைக்கும் அந்தக் கட்டங்களை நிரப்பினார். 25 வருடம்!

அந்த ஊர்க் குளிர்காலம் நமக்குத் தெரியாது. மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். பாட்டுப் பாடும் குருவிகளில் பாதி ஊரிலேயே இருக்காது. மார்ச் முடிவில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். இன்று முதல் தகைவிலானைப் பார்த்தேன், இன்று முதல் குயில் குரல் கேட்டது, இன்று உழவாரன் வந்துவிட்டது என்று ஒயிட் குறித்து வைப்பார். குறித்ததைப் பூட்டி வைத்துக்கொள்ளவும் இல்லை. 1767 ஆகஸ்டிலிருந்து தாமஸ் பென்னன்ட் என்ற விலங்கியல் அறிஞருக்கும், 1769-இலிருந்து பாரிங்டனுக்கும் கடிதமாக எழுதினார். எங்கள் ஊருக்கு இப்படி ஒரு புதுப் பறவை வந்தது, உங்கள் பக்கம் வந்ததா என்று கேட்பார். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கறுப்புப் பறவை, வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர்காலத்தில் ஒருமுறையும் சில நாட்கள் மட்டும் தன் ஊரில் தங்கிப் போவதை அப்படித்தான் தெரியப்படுத்தினார்.

அவர் காது எப்படிப்பட்டது என்று பாருங்கள். வசந்தத்தில் வரும் ஒருவகைச் சின்னக் கதிர்க்குருவியை ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒயிட் பாட்டைக் கேட்டார். ஒன்று இரண்டே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இன்னொன்றின் பாட்டு மெதுவாக இறங்கி முடிகிறது. மூன்றாவது, உயரமான பீச் மர உச்சியில் சிறகு நடுங்கப் பாடுகிறது. இவை மூன்று இனங்கள் என்று 1768-இல் பென்னன்டுக்கு உறுதியாக எழுதினார். இன்றைக்கும் அதுதான் சரி.

அவருடைய தோட்டத்தை ஒட்டிய நிலத்துக்கு ஒரு கோடையில் ஒரு ஜோடி கொண்டலாத்தி வந்தது. நமக்கு அது சாதாரணம். தலையில் விசிறி விரித்துக்கொண்டு புல்தரையில் நடக்கும். அங்கே மிக அபூர்வம். சில வாரம் ராஜநடை நடந்து, கூடு கட்டுகிற உத்தேசத்தில் இருந்தனவாம். வேலையற்ற பையன்கள் விரட்டி விரட்டி ஓட்டிவிட்டார்கள். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்றால் ஐந்தாவது படிக்கும்போது என் டவுசர் பையில் எப்போதும் உண்டிவில் இருக்கும். எங்கள் ஊர்க் கொண்டலாத்தி ஒன்றை அடித்து வீழ்த்தியவன் நான்தான். அதைத் தின்னக்கூட இல்லை.

அந்தக் காலத்துப் பெரியவர்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தூரதர்சினி வைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அபூர்வப் பறவை என்றால் சுட்டுத்தான் பார்ப்பார்கள். 1779 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஃப்ரென்ஷம் ஏரிக்கு ஆறு பவளக்கால் உள்ளான்கள் வந்தன. நம் ஏரிகளில் சிவந்த நெடுங்காலோடு நிற்குமே, அதே பறவை. ஏரிக் காவலர் ஐந்தைச் சுட்டார். ஆசை தீர்ந்து ஆறாவதை விட்டுவிட்டார். அதில் ஒன்று ஒயிட்டிடம் வந்தது. எடை 4¼ அவுன்ஸ். கால் நீளம் 8 அங்குலம்.

இங்கேதான் அவர் ஒரு கணக்குப் போடுகிறார். நான் இந்தப் புத்தகத்தில் ரொம்ப ரசித்த இடம். பூநாரையின் எடை சுமார் 4 பவுண்டு, அதாவது 64 அவுன்ஸ். 64-ஐ 4¼-ஆல் வகுத்தால் 15 மடங்கு. அப்படியானால் 8 அங்குலத்தை 15-ஆல் பெருக்கு, பூநாரைக்கு 120 அங்குலம், அதாவது பத்தடிக் கால் இருக்க வேண்டும்! ஆனால் அதற்கு இருப்பது 20 அங்குலம்தான். ஆகவே உள்ளானின் கால் உலக அதிசயம் என்று முடிக்கிறார்.

நண்பர்களே, நாம் முதலாண்டிலேயே படித்தது. எடை கன அளவோடு போகும். நீளம் அப்படிப் போகாது. எடை 15 மடங்கு என்றால் நீளம் 15-இன் கனமூலம், சுமார் 2.47 மடங்குதான். 8-ஐ 2.47-ஆல் பெருக்கிப் பாருங்கள். 20-க்குக் கொஞ்சம் குறைவு! பூநாரையும் உள்ளானும் ஒரே விகிதத்தில்தான் கால் வைத்திருக்கின்றன. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து அசந்து போனேன்.

யோசித்துப் பாருங்கள். அவர் கணக்கு தப்பு. ஆனால் ரீடிங் சரி. அதனால்தான் இருநூறு வருடத்துக்கும் மேல் கழித்து, பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பையனால் அதைத் திருத்த முடிகிறது. என் ஃபீல்டு புக்கில் கணக்கு சரி, ரீடிங் பொய். அதை எந்த நியூட்டனாலும் திருத்த முடியாது. ஆசிரியர் ஏன் இந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

தகைவிலான் கதையும் இதே மாதிரிதான். குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்று அன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எங்கேயோ பொந்திலும் நீரடியிலும் தூங்குகிறது என்று பலர் நம்பினார்கள். ஜிப்ரால்டரில் பாதிரியாராக இருந்த தம்பி ஜான், அவை கடலைக் கடந்து போவதையும் வருவதையும் கண்ணால் பார்த்து எழுதினார். ஒயிட் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும், குளிர் தொடங்கிய பிறகும் ஒன்றிரண்டு குருவிகள் தலைகாட்டுகின்றனவே, சில இங்கேயே ஒளிந்து தூங்குமோ என்ற சந்தேகம் கடைசி வரை போகவில்லை. ஆள் வைத்துப் புதரையெல்லாம் தோண்டித் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றே எழுதினார். கிடைத்ததாக எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? 1911 மே மாதம் இங்கிலாந்தில் காலில் வளையம் மாட்டிவிட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிடிபட்டது. ஒயிட் இறந்து 119 வருடம் கழித்து அவர் கேள்விக்குப் பதில் வந்தது.

தன் ஊரில் உழவாரன் எத்தனை ஜோடி என்று எண்ணினார். வருடா வருடம் எட்டு ஜோடிதான். பாதி தேவாலயத்தில், மீதி ஏழைகளின் கூரை வீட்டில். குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கின்றன, எண்ணிக்கை மட்டும் ஏன் கூடவில்லை, கூடியதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார். இன்றைய சூழலியலின் பெரிய கேள்விகளில் ஒன்று அது. மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகிப் பாழாகும் என்று 1777-லேயே எழுதினார். டார்வின் மண்புழுவைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டது 1881-இல். தகைவிலான், உழவாரன் முதலிய பறவைகளைப் பற்றிய இவர் கடிதங்கள் 1774, 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டன.

கடிதங்களைத் தொகுத்து, புத்தக வியாபாரியான இன்னொரு தம்பி பெஞ்சமின் வெளியிட்டார். 1788 கடைசியில் வெளிவந்தாலும் அட்டையில் 1789 என்று இருக்கும். அப்போது ஒயிட்டுக்கு 68 வயது. இதுவரை 200-க்கு மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. கடைசி வருடங்களில், நார்ஃபோக்கில் 1736 முதல் வசந்தத்தின் அடையாளங்களைத் தேதி போட்டுக் குறித்துவந்த ராபர்ட் மார்ஷம் என்ற முதியவரும் இவரும் கடித நண்பர்கள் ஆனார்கள். மார்ஷம் குடும்பம் அந்தக் குறிப்பை 1958 வரை தொடர்ந்தது. பூமி சூடாகிறது, வசந்தம் முந்தி வருகிறது என்பதை ஆராய்கிறவர்களுக்கு இன்று அது பொக்கிஷம்.

1793 ஜூன் 26-இல் கில்பர்ட் ஒயிட் காலமானார். கல்லறைக் கல்லில் பெயரின் இரண்டு முதலெழுத்தும் தேதியும் மட்டும். பட்டம் இல்லை, பதவி இல்லை.

புத்தகத்தை முடித்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் அப்பா ஆடு மேய்க்கிறவர். கையெழுத்துப் போடத் தெரியாது. கரெண்டுக் கம்பியில் வரிசையாக உட்காருமே அந்தக் குருவி எப்போது வரும் என்று கேட்டேன். கரிச்சானையா கேட்கிறாய் என்றார். இல்லை, பறந்துகொண்டே பூச்சி பிடிக்குமே என்றதும் புரிந்துகொண்டார். புரட்டாசி முடிவில் வரும், சித்திரை வெயில் ஏறினால் ஒன்றையும் காண முடியாது என்றார். எந்த வருடம் முந்தி வந்தது, எந்தக் குளத்தில் அதிகம் இறங்கியது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். நான் சொல்றதையா எழுதுறே என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்போ இரு, நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்றேன், தப்பா எழுதிடப் போறே என்றார்.

அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கிறது.

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு