மென்ஸ்ட்ருவல் கப்: 1937-லேயே வந்துவிட்டது, 50 வருஷம் காணாமல் போனது ஏன்? யார் இந்த லியோனா சால்மர்ஸ்?

நாப்கின் வேண்டாம், டாம்பன் வேண்டாம், கப் ட்ரை பண்ணிப் பார்க்கலாமா? இந்தக் கேள்வி இப்போது கல்லூரி ஹாஸ்டல் முதல் அலுவலகம் வரை கேட்கிறது. சமீபத்தில் வந்த ஃபேஷன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இன்றைய பாட்டிகள் பலர் பிறப்பதற்கு முன்பே இது அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கி, கடைக்கும் வந்துவிட்டது. அதைச் செய்தவர் விஞ்ஞானியோ டாக்டரோ இல்லை, ஒரு மேடை நடிகை!

லியோனா சால்மர்ஸ் நடிகை, பாடகி. மாதத்தின் அந்த நாட்களிலும் மேடை ஏறித்தான் ஆக வேண்டும் என்ற தொழில். அப்போது பெரும்பாலான பெண்களிடம் இருந்தது துணி, இல்லையென்றால் பெல்ட்டில் மாட்டிக் கட்டும் தடிமனான நாப்கின். வெள்ளைப் பட்டு உடையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லத் தேவையில்லை.

உறிஞ்சுவதற்குப் பதிலாகச் சேகரித்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. மணி வடிவத்தில் ஒரு சின்ன ரப்பர் கிண்ணம். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து உடம்போடு ஒட்டி நிற்கும். நிறைந்ததும் எடுத்துக் கொட்டி, கழுவி, மறுபடி வைக்கலாம். இந்த மாதிரி யோசனைகளுக்கு 1860களிலேயே அமெரிக்காவில் பேட்டன்ட் உண்டு, ஆனால் இடுப்பில் பெல்ட், கம்பி என்று ஏகப்பட்ட தொங்கல்கள். சால்மர்ஸ் அதையெல்லாம் தூக்கிப் போட்டார். 1935-ல் விண்ணப்பித்த அவருக்கு 1937 ஆகஸ்டில் பேட்டன்ட் கிடைத்தது. அதே வருஷம் பெண்களின் அந்தரங்க சுகாதாரம் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அந்தக் காலத்தில் இதைப் பற்றிப் பெயர் போட்டு எழுதவே தனி தைரியம் வேண்டும்.

டாம்பாக்ஸ் கம்பெனி தொடங்கியது 1936. அதாவது டாம்பனும் கப்பும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தவை. பிறகு ஏன் ஒன்று மட்டும் உலகம் முழுக்கப் போனது?

ரப்பர் போன கதை

இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் வருகிறார்கள். சால்மர்ஸின் கப் முழுக்க முழுக்க இயற்கை ரப்பர். அன்றைக்கு உலக ரப்பரில் பெரும்பகுதி வந்தது மலாயா, டச்சு இந்தியத் தீவுகள், இலங்கை ஆகிய இடங்களிலிருந்து. மலாயா எஸ்டேட்டுகளில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோன முக்கிய வழிகளில் ஒன்று தூத்துக்குடி – கொழும்பு கப்பல். தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும்தான் ஞாபகம் வரும், கப்பலேறிப் போன இந்த ஜனங்களை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. மலாயா ரப்பர் நின்றது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் ஒரே அடியில் காலி. இலங்கையில் மிஞ்சிய மரங்களை, செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுத்தார்கள். எல்லாமே டயருக்கும் ராணுவத்துக்கும்தான். பெண்களுக்கான ரப்பர் கிண்ணத்துக்கு யார் ரப்பர் கொடுப்பார்கள்? சால்மர்ஸின் தயாரிப்பு நின்றுபோனது. டாம்பனுக்குப் பஞ்சு போதும், அது தப்பித்தது.

போர் முடிந்தும் அவர் விடவில்லை. 1950களின் கடைசியில் ராபர்ட் ஓரெக் என்ற தொழிலதிபர் அந்த உரிமையை வாங்கி, ‘டாசெட்’ என்ற பெயரில் கொஞ்சம் மென்மையான கப்பைக் கொண்டுவந்தார். ஆனால் விளம்பரத்தில் என்ன எழுதுவது? உடல் உறுப்பின் பெயரைச் சொல்லவே கூடாத காலம். டியூலிப் பூவைக் காட்டிச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நர்ஸ்களுக்கு இலவசமாக அனுப்பி, அவர்கள் வாய்வழியாகப் பரவட்டும் என்றும் பார்த்தார்கள்.

எடுத்துக் கழுவுவதற்குப் பலர் கூச்சப்பட்டார்கள். இன்னொரு சிக்கல் கணக்கில் இருந்தது. நாப்கின் வாங்குபவர் அடுத்த மாதமும் வருவார். கப் வாங்கியவர் வருஷக்கணக்கில் கடைப் பக்கமே வரமாட்டார்! வாடிக்கையாளருக்கு லாபம், கம்பெனிக்கு நஷ்டம். 1963-ல் டாசெட் கடையை மூடியது. அதன்பின் ‘தி கீப்பர்’ என்ற ரப்பர் கப் அமெரிக்காவில் வந்தது 1987-ல், சால்மர்ஸ் பேட்டன்ட் வாங்கிச் சரியாக 50 வருஷம் கழித்து. இப்போது நாம் பார்க்கும் மெடிக்கல் சிலிக்கான் கப்புகள் 2000க்குப் பிறகு பரவியவை.

சரி, பாதுகாப்பானதா?

2019-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் 43 ஆய்வுகளை, 3,300-க்கும் அதிகமான பெண்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். கசிவு நாப்கின், டாம்பன் அளவுதான் அல்லது அதைவிடக் குறைவு என்று தெரிந்தது. பயன்படுத்தியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். ஆனால் பழகுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், முதல் மாதத்திலேயே சரியாக வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். எடுக்கும்போது அடிப்பகுதியை அழுத்திக் காற்றுப் பிடிப்பை விடுவித்துவிட்டு எடுக்க வேண்டும், அப்படியே இழுக்கக் கூடாது. காப்பர்-டி போட்டவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வைக்கவே வேண்டாம். கல்யாணம் ஆகாதவர்கள் வைக்கலாமா என்று வீட்டில் சண்டை நடக்கும். மருத்துவ ரீதியில் தடை இல்லை. கன்னிச்சவ்வு யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் கிடையாது.

கேரளாவில் ஆலப்புழை நகராட்சியில் 2019-ல் பொதுத்துறை நிறுவனமான ஹெச்.எல்.எல். ‘திங்கள்’ திட்டத்தில் 5,000 கப்புகளை இலவசமாகக் கொடுத்தது. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டம் கும்பளங்கி, நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கே முதலில் நடந்தது பயிற்சி வகுப்புகள், கப் கைக்கு வந்தது அதன் பிறகுதான்.

இதைத் தூத்துக்குடி உப்பளத்தில் வைத்துப் பார்த்தால்? வெயிலில் மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கு நனைந்த துணியும் நாப்கினும் தொடையை உரசிப் புண்ணாக்கும். கப் என்றால் 8 முதல் 12 மணி நேரம் வரை தாங்கும். காலையில் வீட்டில் வைத்து, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம். பாத்தியைச் சுற்றி மாற்ற ஒரு மறைவிடம்கூட இல்லாத இடங்களில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வைப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மாதம் ஒருமுறை கப்பைக் கொதிநீரில் போட வேண்டும். குடிதண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் தெருக்களில், சால்மர்ஸின் கிண்ணத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டியது ஒரு தண்ணீர்க் குழாயும் கதவு வைத்த ஒரு கழிப்பறையும்.