கப்பல் பாட்டைக் காத்த கம்யூனிஸ்ட்

உழைப்பவனுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டு இல்லாவிட்டால் வேலையே நகராத இடங்கள் உலகில் இருந்தன என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாய்மரச் சரக்குக் கப்பல் அப்படிப்பட்ட இடம். அங்கே பிறந்த பாட்டுக்கு ஆங்கில மாலுமிகள் வைத்த பெயர் ஷாண்டி. இன்றைக்கு அந்தப் பாட்டுகள் இசைத்தட்டிலும் வானொலியிலும் கைபேசியிலும் ஒலிக்கின்றன. அதற்குப் பாடுபட்டவர்களின் முன்வரிசையில் நிற்பவர் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டு ஒருவர். ஆல்பர்ட் லங்காஸ்டர் லாய்ட் என்பது முழுப்பெயர். தோழர்களுக்கு அவர் பெர்ட் லாய்ட்.

முதலில் ஷாண்டி என்றால் என்ன என்று பார்ப்போம். நம் கடற்கரையில் வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் இனம் அது. பாயை மேலே ஏற்றவேண்டும். கயிற்றைப் பிடித்துப் பலர் நிற்பார்கள். ஒருவன் ஓர் அடி பாடுவான்; மற்றவர்கள் பல்லவியைப் பிடிப்பார்கள். பல்லவியில் அழுத்தம் விழும் இடத்தில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். நங்கூரம் தூக்கும் உருளையைத் தள்ளிக்கொண்டு வட்டமாக நடக்கும்போது பாட்டு வேறு. அது நடைக்கு ஏற்றபடி நீண்டு ஓடும். கப்பலில் ஏறிய நீரை இறைக்கும் பம்புக்கும் பாட்டு உண்டு. பாட்டின் அமைப்பை நிர்ணயித்தது வேலையின் அமைப்பே!

இதன் பின்னே ஒரு கணக்கும் இருந்தது. அரசின் போர்க்கப்பலில் ஆட்கள் ஏராளம். அங்கே ஷாண்டிக்கு இடமில்லை, உத்தரவுதான். சரக்குக் கப்பல் முதலாளியோ கூலியை மிச்சம் பிடிக்க ஆட்களைக் குறைத்தான். குறைந்த கைகள் கூடுதல் பாரத்தை இழுக்கவேண்டும் என்றால் கைகள் ஒன்றுசேர வேண்டும். பாட்டு அவற்றை ஒன்றுசேர்த்தது. ஆனால், அதே பாட்டில் மாலுமி தன் மனக்குறையையும் ஏற்றினான். கெட்டுப்போன உணவு, கொடுங்கோல் அதிகாரி, கரையில் கூலியைப் பறிக்கும் தரகன் எல்லோரும் பாட்டில் வந்தார்கள். வாயால் சொன்னால் தண்டனை கிடைக்கும் சொல், பாட்டாக வந்தால் பொறுத்துக்கொள்ளப்பட்டது.

இந்தப் பாட்டுகள் வெள்ளை மாலுமிகளின் சொத்து மட்டுமல்ல. மொபீல், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகங்களில் பருத்திப் பொதிகளைக் கப்பலில் திணித்த கறுப்பினத் தொழிலாளிகளும், மேற்கிந்தியத் தீவு மாலுமிகளும் கொடுத்தவை பல. துறைமுகம் துறைமுகமாகப் பாட்டு கை மாறியது.

பிறகு நீராவி வந்தது. இயந்திரத்துக்குப் பாட்டு தேவைப்படவில்லை. ஷாண்டி, கிழட்டு மாலுமிகளின் நினைவில் ஒதுங்கியது. 1914-ல் செசில் ஷார்ப், வாட்செட் ஊரைச் சேர்ந்த ஜான் ஷார்ட் என்ற முதிய மாலுமியிடமிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட ஷாண்டிகளை எழுதிக்கொண்டார். 1928 முதல் ஜேம்ஸ் மேடிசன் கார்ப்பெண்டர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் துறைமுகங்களில் திரிந்து, முதிய மாலுமிகளின் குரலை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஆயினும் அவை அறிஞர்களின் அலமாரியில் கிடந்தன. தொழிலாளியின் பாட்டு தொழிலாளியிடம் திரும்பவில்லை. அந்த வேலை லாய்டுக்காகக் காத்திருந்தது.

லாய்ட் 1908 பிப்ரவரி 29-ந் தேதி லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்தார். எளிய குடும்பம். தாயையும் உடன்பிறந்தவர்களையும் காசநோய் கொண்டுபோயிற்று. தந்தையும் நோயாளி. பதினைந்து பதினாறு வயதுச் சிறுவனை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் ஆட்டுப் பண்ணைகளில் அவர் கூலியாளாக வேலை செய்தார். ஆடு மேய்ப்பவர்களும் உரோமம் கத்தரிப்பவர்களும் பாடிய பாட்டுகளைக் கேட்டார். பிடித்தவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நகரத்து நூலகத்திலிருந்து தபாலில் புத்தகம் வரவழைத்துப் படித்தார். அவர் படித்த பல்கலைக்கழகம் அதுதான்.

1930-களில் அவர் பிரிட்டனுக்குத் திரும்பியபோது அங்கே பொருளாதார நெருக்கடி தாண்டவமாடியது. வேலையில்லை. பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலையில் உட்கார்ந்து படித்தார். மக்கள் நோக்கில் இங்கிலாந்தின் வரலாற்றை எழுதிய ஏ. எல். மார்ட்டன் நண்பரானார். லாய்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். மொழிகளைத் தாமே கற்று, 1937-ல் ஸ்பானியக் கவிஞர் லோர்க்காவையும், காஃப்காவின் உருமாற்றக் கதையையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதே ஆண்டு கட்சியின் நாளேடான டெய்லி ஒர்க்கரில் மக்கள் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

அத்தனையும் எழுதியவர் அதே ஆண்டில் கடலுக்குப் போனார்! சதர்ன் எம்ப்ரஸ் என்ற திமிங்கில ஆலைக்கப்பலில் தொழிலாளியாகச் சேர்ந்து, 1937-38 பருவத்தில் அண்டார்டிக் கடலில் உழைத்தார். வேட்டைப் படகுகள் கொன்று கொண்டுவரும் திமிங்கிலத்தை மேல்தளத்தில் இழுத்துப்போட்டு, அறுத்து, காய்ச்சி எண்ணெய் எடுக்கும் மிதக்கும் தொழிற்சாலை அது. இரத்தமும் கொழுப்பும் வழுக்கும் தளத்தில், உறைபனியில் நடக்கும் வேலை. அந்தக் கப்பலை 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது.

பின்னாளில் திமிங்கில வேட்டைப் பாட்டுகளை லாய்ட் பாடியபோது, கடலைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவரின் குரலாக அது இல்லை. காரணம் இதுதான்.

திரும்பி வந்ததும் 1938-ல் மாலுமிகளின் வாழ்வைப் பற்றி பி.பி.சி. வானொலிக்கு எழுதினார். 1939-ல் நாஜிகள் அதிகாரத்துக்கு வந்த வரலாற்றைச் சொல்லும் வானொலித் தொடரை எழுதுவதில் பங்கு கொண்டார். பிறகு பிக்சர் போஸ்ட் என்ற பிரபலப் படப் பத்திரிகையில் வேலை செய்தார். 1950-ல் கொரியாவில் அரசியல் கைதிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய கட்டுரையை வெளியிடும் தகராறில் அதன் ஆசிரியர் டாம் ஹாப்கின்சன் நீக்கப்பட்டார். லாய்ட் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார். அதன்பின் பாட்டே அவர் வாழ்வாயிற்று.

இந்த இடத்தில் ஒரு ஸ்தாபனத்தைச் சொல்லவேண்டும். பிரிட்டனில் 1936-ல் தொழிலாளர் இசைச் சங்கம் தோன்றியது. அதன் கிளையாக 1939-ல் டாபிக் இசைத்தட்டு நிறுவனம் பிறந்தது. முதல் தட்டின் ஒரு பக்கம் தொழிலாளியின் பீரில் தண்ணீர் கலக்கும் முதலாளியைக் கிண்டல் செய்தது. மறுபக்கம் சர்வதேச கீதம்! லாய்ட் எழுதிய முதல் நாட்டுப்பாடல் நூலை 1944-ல் இந்தச் சங்கமே வெளியிட்டது. டாபிக் நிறுவனத்தின் கலைப் பொறுப்பையும் அவர் பின்னர் ஏற்றார்.

ஸால்ஃபோர்டுத் தொழிலாளியின் மகனான ஈவான் மெக்கால் என்ற இன்னொரு தோழருடன் சேர்ந்து 1950-களில் தட்டுக்கு மேல் தட்டாகக் கப்பல் பாட்டுகளை லாய்ட் பதிவு செய்தார். கச்சேரி மேடைப் பாடகர்கள் பியானோவுடன் மெருகேற்றிப் பாடிய வழக்கத்தை இருவரும் ஒதுக்கினார்கள். வெறும் குரல், கோரஸ், ஆல்ஃப் எட்வர்ட்ஸின் கான்சர்டினா: அவ்வளவுதான். 1956-ல் வெளிவந்த மோபி டிக் திரைப்படத்தில் கப்பலில் ஷாண்டி பாடுபவராகவே லாய்ட் தோன்றினார். 1967-ல் லெவயதன் என்ற தட்டு முழுவதையும் திமிங்கிலத் தொழிலின் பாட்டுகளுக்கே ஒதுக்கினார்.

கடலோடு அவர் நிற்கவில்லை. 1951-ல் நிலக்கரி வாரியத்தின் துணையுடன் போட்டி வைத்துச் சுரங்கத் தொழிலாளர் பாட்டுகளைத் திரட்டி, அடுத்த ஆண்டு நூலாக்கினார். நாட்டுப்பாடல் என்றால் கிராமத்து உழவன் பாடுவது மட்டுமே என்று பழைய சேகரிப்பாளர்கள் கருதினார்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் பிறந்த பாட்டும் மக்கள் பாட்டே என்று லாய்ட் நிலைநாட்டினார். 1967-ல் வந்த அவரது பெருநூல் இதை விரிவாக வாதாடியது. 1982 செப்டம்பர் 29-ல் கிரீனிச்சில் அவர் காலமானார்.

புகழ்ந்துவிட்டு நிறுத்திவிடலாமா? கூடாது. லாய்டின் வேலையில் ஒரு குறை இருந்தது. பாட்டில் இடைவெளி இருந்தால் அவர் தாமே நிரப்பினார், மெட்டை மாற்றினார், சொல்லை மாற்றினார். செய்ததை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பட்டாளத்தில் சேர்ந்த சுரங்கத் தொழிலாளியைப் பற்றி அவர் வெளியிட்ட பாட்டு இதற்குச் சான்று. கம்பர்லாந்துக் கவிஞர் ராபர்ட் ஆண்டர்சன் எழுதிய மூலத்தில் பட்டாளத்துக்குப் போனவன் ஏர் உழுபவன். ஆய்வாளர்கள் இதைப் பிற்பாடு எடுத்துக்காட்டினார்கள்.

பாட்டை மாற்றுவது குற்றமா? அல்ல. மாலுமியும் நாளுக்கொரு அடி கட்டிப் பாடினான். ஒரு பாடகருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சுரங்கத்திலிருந்து கிடைத்தது என்று சான்றாக முன்வைக்கும்போது அந்த உரிமை இல்லை. தொழிலாளிக்குச் சொந்தப் பண்பாடு உண்டு என்பது லாய்டின் வாதம். அது உண்மையான வாதம். உண்மைக்கு ஒட்டுப்போட வேண்டியதில்லை. ஓர் இடத்தில் ஒட்டு தெரிந்துவிட்டால், வர்க்க விரோதி முழுத் துணியையும் கிழிசல் என்பான். நல்ல காரியத்துக்காகச் செய்த மறைப்பும் அந்தக் காரியத்தையே காயப்படுத்தும்.

இதற்கு மாற்று வழியும் அக்காலத்திலேயே இருந்தது. மெக்கால், பெக்கி சீகர், சார்லஸ் பார்க்கர் மூவரும் 1960-ல் மீனவர் வாழ்வைப் பற்றி வானொலிச் சித்திரம் படைத்தார்கள். அதில் நார்ஃபோக் கரையின் முதிய மீனவர் சாம் லார்னரின் சொந்தக் குரலே ஒலித்தது. அடுத்த ஆண்டு அவர் பாட்டும் பேச்சும் தனித் தட்டாகவே வந்தன. ஸ்டான் ஹியூகில் என்ற மாலுமி, பாய்மரக் கப்பலில் தாமே ஷாண்டி பாடியவர். 1961-ல் தம் நினைவையும் கேள்வியையும் பெருநூலாக்கினார். தொழிலாளி தானே சாட்சி சொன்னான்.

2020 டிசம்பரில் ஸ்காட்லாந்துத் தபால்காரர் நேதன் எவன்ஸ் கைபேசி முன் ஒரு கடல் பாட்டைப் பாடினார். நியூசிலாந்துத் திமிங்கிலத் தொழிலில் இருந்த வெல்லர் சகோதரர்களின் பெயரைத் தாங்கிய பாட்டு அது. ஊர் ஊராக மக்கள் அவருடன் குரல் சேர்த்தார்கள். பதிவு, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அது கயிறு இழுக்கும் ஷாண்டி அல்ல என்று அறிஞர்கள் திருத்தினார்கள், சரிதான். ஆனால், நோய்க்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்கள் தேடிப் பிடித்தது ஒன்றுகூடிப் பாடும் பாட்டை! இன்று அந்தப் பாட்டுகளால் காசு பார்க்கும் கம்பெனிகள், அவற்றைக் கட்டியவர்களுக்குக் காலணா கொடுத்ததில்லை. கட்டியவர்களின் பெயர்கூடப் பெரும்பாலும் எங்கும் இல்லை.

ஆகவே தோழர்களே, லாய்டிடம் கற்க வேண்டியவை இரண்டு. உங்கள் ஆலையில், துறைமுகத்தில், வயலில் முதியவர் ஒருவர் பாடினால் இன்றே பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், வேலை ஆகியவற்றை மறக்காமல் எழுதுங்கள். கேட்டதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பாட விரும்பினால் தாராளமாகப் பாடுங்கள். மாற்றியது நாங்கள் என்று சொல்லிவிட்டுப் பாடுங்கள்.